சமாளித்தது நான் இல்லை

அன்புள்ள ரவி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும். நேரில் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே "சரிம்மா, சரிம்மா, விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாய். உன் அப்பாவும் அப்படித்தான். காகிதத்தை அப்படி வாய் அடைக்க முடியாது. மடித்து அலமாரியில் வைத்தாலும் அது அங்கேயே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நீயும் லதாவும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தது எனக்குச் சமையலறையில் கேட்டது. அவளுக்குப் பிரசவ லீவு முடியப்போகிறது. கம்ப்யூட்டரை வீட்டில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்கிறார்கள். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்துவிட்டு ஆபீசுக்கே போகிறேன் என்றாள். அதற்கு நீ சொன்னாய்: "எங்கம்மா என்ன பண்ணாங்க? ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வீட்ல உட்கார்ந்தே புரூஃப் திருத்தலையா? ஒரு நாள் அவங்க முகம் சுளிச்சு நான் பார்த்ததில்ல. உனக்கு மட்டும் ஏன் முடியாது?" லதா பதிலுக்குச் சண்டை போடவில்லை. "அத்தை மாதிரி எல்லாராலயும் முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அழுதது உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். என்னைப் புகழ்ந்து நீ அவளை அடித்தாய். அந்தப் புகழ் உண்மையாக இருந்திருந்தால்கூட அது தப்புதான். அது உண்மையும் இல்லை. அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். அதைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் கல்யாணம் ஆகி நான் மயிலாப்பூருக்கு வந்தபோது ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். பள்ளிக்கூட வேலைக்கு மனு எழுதி உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுவை முழுவதும் படித்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு. ஆனா நம்ம வீட்டுப் பொம்பள பஸ்ல ஏறி வேலைக்குப் போறதுன்னா ஊர்ல எங்கப்பா தலைநிமிர்ந்து நடக்க முடியாது" என்றார். அதற்குப் பல வருஷங்கள் கழித்து, அறுபதுகளின் கடைசியில், ஒரு சம்பளம் போதாமல் போனபோது அவரேதான் இந்த வேலையைக் கொண்டுவந்தார். கடைக்கு விலைச்சீட்டு அச்சடித்துக் கொடுத்த அச்சகத்து முதலாளிக்கு, பிழை திருத்த ஆள் தேவைப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் புத்தகங்கள் போடுகிற அச்சகம் அது. "வீட்டுக்குள்ளயே பார்க்கிற வேலைன்னா எனக்குச் சம்மதம்" என்றார். ஏதோ எனக்கு வசதி செய்துகொடுத்த மாதிரி நீ நினைத்துக்கொண்டிருக்கும் "வீட்டிலிருந்தே" என்ற சொல் நம் குடும்பத்துக்குள் இப்படித்தான் வந்தது. வெளியே போகாதே என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்க மாட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மை காயாத நீளத் தாளை விரித்து, மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு போகும்போது நான் யார் மனைவியும் இல்லை, யார் அம்மாவும் இல்லை. என் படிப்புக்கு அந்த ஓர் இடத்தில்தான் மதிப்பு இருந்தது. உன் அக்கா சுமதி பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஒன்பது மணியிலிருந்து நான்கு மணி வரை வீடு என்னுடையது. கீழ்ப் போர்ஷனில் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். வேலை ஆரம்பித்த முதல் இரண்டு வருஷமும் அது எனக்கு அரண்மனையாக இருந்தது. பிறகு நீ பிறந்தாய். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எல்லாக் குழந்தையும் செய்வதைத்தான் நீயும் செய்தாய்.

நீ தவழ ஆரம்பித்ததும் தாள்களைக் கட்டில் மேல் ஏற்றினேன். நீ கட்டிலைப் பிடித்து நின்றதும் அலமாரி மேல் ஏற்றினேன். நடக்க ஆரம்பித்ததும் எனக்கு ஏற்ற வேறு இடம் இல்லை. என் பழைய புடவை ஒன்றைக் கிழித்து உன் இடுப்பில் கட்டி மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்து வைத்தேன். கம்பி வரைக்கும் போவாய், திரும்பி வருவாய், அழுவாய். நான் ஒரு வரியை நான்கு தடவை படிப்பேன். ஒரு கண் தாளிலும் ஒரு கண் உன்மேலும் வைத்தால் இரண்டையும் பார்த்த மாதிரி இருக்கும், இரண்டையுமே பார்த்திருக்க மாட்டோம். இதை லதாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மாடியில் இருந்த வீட்டுக்கார மாமி ஒரு நாள் இந்தக் கட்டைப் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. "குழந்தையை இப்படிக் கட்டிப் போடாதேங்கோ. காத்தால எங்காத்துல விட்டுடுங்கோ, நான் பாத்துண்டு இருக்கேன். நேக்கும் பொழுது போகும்" என்றாள். பேரப்பிள்ளைகள் எல்லாம் பம்பாயில், நிஜமாகவே ஆசைப்பட்டுக் கேட்டாள். அன்று ராத்திரி உன் அப்பாவிடம் சொன்னேன். "அடுத்த வீட்ல பிள்ளையத் தள்ளிவிட்டுட்டு சம்பாதிக்கணுமா? நாளைக்கு அதையே சொல்லிக்காட்டுவா" என்றார். அவர் சொன்னதால் விட்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய். நானும் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். என்னால் முடியவில்லை என்று மாமி நினைத்துவிடுவாளே என்ற வீம்பு. உதவி வாசல் வரை வந்து நின்றது, நான் திருப்பி அனுப்பினேன். நீ அந்தப் பிழையைச் செய்யாதே. லதாவையும் செய்ய வைக்காதே.

உனக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அது நடந்தது. நான்காம் வகுப்புச் சுகாதாரப் புத்தகம். "காய்ச்சிய நீரையே பருக வேண்டும்" என்று வர வேண்டிய இடத்தில் "காய்ச்சாத நீரையே" என்று அச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தைத் திருத்தும்போது நீ ஸ்டவ் பக்கம் போனாய் என்று இரண்டு தடவை எழுந்து ஓடினேன். திரும்பி வந்து எங்கே விட்டேனோ அதற்கு ஒரு வரி கீழே ஆரம்பித்திருக்கிறேன். பதினாறு பக்கம் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. தாள் கொண்டுவந்து கொடுத்து வாங்கிப்போகும் தனபால்தான் செய்தி சொன்னார். நாற்பது வயது மனிதர், சைக்கிளில் வருவார். "இன்னாம்மா இப்டி பண்ட்டீங்க? மொதலாளி காலைலேந்து கத்திக்கினு கீறாரு. இன்னொரு வாட்டி தப்பு வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்னு சொல்ட்டாரு. பாத்து செய்ம்மா" என்றார். அவர் போன பிறகு நான் அழுதேன். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன குறையும் என்று யோசித்து அழவில்லை. என்னில் என்ன மிஞ்சும் என்று யோசித்து அழுதேன்.

மறுநாள் காலை சுமதி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "இன்னிக்கு ஒரு நாள் லீவு போடு. தம்பியப் பாத்துக்க" என்றேன். அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. பையை ஆணியில் மாட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டாள். அன்று எனக்கு வேலை ஓடியது. இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்தேன். அந்த ருசிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு நாள் இரண்டு நாளாயிற்று. பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவள் பள்ளிக்கூடம் போனாலே பெரிய விஷயம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது புத்தகம் கடையில் இருக்க வேண்டும். அதனால் மாசி பங்குனியில்தான் அச்சகத்தில் வேலை நெரியும். பிள்ளைகள் முழு ஆண்டுப் பரீட்சைக்குப் படிக்கும் மாதங்களும் அவைதான். ஊரில் உள்ள பிள்ளைகள் பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். என் பிள்ளை சமையலறையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் எல்லோரும், "எவ்வளவு பொறுப்பான பொண்ணு" என்றார்கள். நானும் பெருமைப்பட்டேன். உன் அப்பாவுக்கும் தெரியும். "அஞ்சாவதுதானே, பொட்டப்புள்ள, அடுத்த வருஷம் படிச்சாப் போச்சு" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கடையில் மட்டும், "எங்க வீட்ல புத்தகமே திருத்துறாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அவள் வகுப்பு டீச்சர் ஒரு சாயங்காலம் தேடிக்கொண்டு வரப்போகிறார் என்று பக்கத்துத் தெருப் பெண் வந்து சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயில் பக்கம் போய் வேப்பிலை வாங்கிவந்து வாசலில் செருகினேன். டீச்சர் வந்து இலையைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்றார். "அம்மை போட்டிருக்கு டீச்சர். தலைக்குத் தண்ணி ஊத்த இன்னும் நாளாகும்" என்றேன். "ஐயோ பாவம், நல்லாப் படிக்கிற குழந்தை. கணக்குல அவதான் ஃபர்ஸ்ட். உடம்பு தேறினதும் அனுப்புங்கம்மா, நான் தனியாச் சொல்லித்தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே கதவுக்குப் பின்னால் சுமதி உன்னை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பேனோ என்னவோ. அந்த வருஷம் அவளை ஆறாம் வகுப்புக்குப் போடவில்லை. அவளோடு படித்தவர்கள் மேலே போனார்கள், அவள் அதே பெஞ்சில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

இப்போது எழுதப்போவதற்குத்தான் இரண்டு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன். உன் இடது கையில் முழங்கைக்குக் கீழே உள்ள தழும்பைப் பற்றி நீ ஒரு கதை சொல்வாய். கல்யாண மண்டபத்தில் லதா வீட்டாரிடம்கூடச் சட்டைக் கையை மடித்துக் காட்டினாய். "எங்கக்கா சின்ன வயசுலயே குடுத்த மொய்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சுமதியும் சிரித்தாள். நான் பந்தி பரிமாறுகிறார்களா என்று பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நடந்தது இது. அன்று மத்தியானம் தனபால் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அச்சகத்தில் மெஷின் சும்மா நிற்கிறது, ஒரு பக்கம் பாக்கி. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சுமதி, "அம்மா, சோறு வெந்துருச்சு" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். "கஞ்சிய நீயே வடிச்சிடு" என்றேன். தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். "தம்பி காலக் கட்டிக்கிட்டு இருக்காம்மா" என்றாள். "ஏட்டி, ஒரு வேலை சொன்னா உடனே செய்ய மாட்டியா?" என்று கத்தினேன். பத்து வயதுப் பெண், கொதிக்கிற பானை, காலைக் கட்டிக்கொண்டிருக்கும் குழந்தை. பானை சரிந்தது. நீ வீறிட்டதும்தான் எழுந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்த மைப் புட்டியை எடுத்து உன் கையில் ஊற்றினேன். மாமிதான் மாடியிலிருந்து ஓடிவந்து உன்னை வாங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள், நான் பின்னால் ஏறினேன்.

ராத்திரி உன் அப்பா வந்து உன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "யாரு?" என்றார். நான் பேசவில்லை. சுமதி, "நான்தான்ப்பா. கஞ்சி வடிச்சேன்" என்றாள். கை ஓயும்வரை அடித்தார். நான் சொன்னதால்தான் செய்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். அந்த வார்த்தையைச் சொன்னால், "நாளைலேருந்து இந்த வேலை வேண்டாம்" என்றும் சொல்லியிருப்பார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சும்மா நின்றேன். மூன்றாம் நாள் அவள் நொண்டுவதைப் பார்த்துப் பாவாடையைத் தூக்கினால், வலது பாதம் முழுக்கக் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. கஞ்சி அவள் காலிலும் கொட்டியிருந்தது. "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நீ புரூஃப் பாத்துக்கிட்டு இருந்த" என்றாள்.

நீ வளர்ந்து ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனாய். எனக்கு மறுபடியும் பகல் கிடைத்தது. எழுபதுகள் முடியும்வரை அந்த அச்சகத்துக்கு நான்தான் திருத்தினேன், நல்ல பெயர் எடுத்தேன். நீ ஞாபகம் வைத்திருப்பது அந்த வருஷங்களைத்தான். மத்தியானம் வருவாய், கதவைத் திறப்பேன், தட்டில் ஏதாவது இருக்கும், நான் சாந்தமாக ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் படத்தைத்தான் லதாவிடம் காட்டுகிறாய். அதற்கு முந்தின படத்தில் இருப்பவள் உன் அக்கா. நான் வேலையையும் பிள்ளையையும் சேர்த்துச் சமாளிக்கவே இல்லை. வேலையை நான் பார்த்தேன். பிள்ளையை ஒரு குழந்தை பார்த்தது.

அக்கா ஏன் நம் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை என்று அடிக்கடி கேட்பாய். அவள் ஒரு வருஷம் பின்தங்கினாலும் படித்தாள், அரசாங்க வேலைக்குப் போனாள், கல்யாணமாகி அடையாறில் குடித்தனம் வைத்தாள். அவளுக்கு முதல் குழந்தை பிறந்து லீவு முடிந்தபோது, "நான் இங்க வந்து இருந்து பாத்துக்கறேன்" என்று நானாகப் போய்ச் சொன்னேன். பருப்பைப் பொறுக்கிக்கொண்டே, "வேண்டாம்மா. பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட விட்டுட்டுப் போறதா ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றாள். "அன்னியத்துல விடுறதுக்கு நான் மேல் இல்லையா?" என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு பஸ் ஏறி வந்தேன். அவளைக் கல்மனசுக்காரி என்று உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய். அதற்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் உன்னிடம் அல்ல.

போன செவ்வாய்க்கிழமை லதா போனில் ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. உன் பெரியவள், நான்கு வயது, விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து போய் பால் புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தம்பி வாயில் வைத்தாள். நீ பார்த்துவிட்டு, "பாத்தியாம்மா, எவ்வளவு பொறுப்பு!" என்று சிரித்தாய். அந்தப் புட்டியை நீ அவள் கையிலிருந்து வாங்கியிருக்க வேண்டும், ரவி. அவளை விளையாட அனுப்பிவிட்டு நீ உட்கார்ந்து பால் கொடுத்திருக்க வேண்டும். லதா வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும், ஆபீசுக்குப் போகட்டும், அதை அவள் முடிவு செய்வாள். வேலை நடக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்க்க ஒரு முழு ஆள் வேண்டும். வேறு எதையும் செய்யாமல் அதை மட்டும் பார்க்கும் பெரிய ஆள். காசு கொடுத்து வைத்தாலும் சரி, நீயே உன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாலும் சரி. என் முட்டி வலி விட்டவரை நானும் இருக்கிறேன், ஆனால் என்னை நம்பிக் குழந்தையை விடாதே. என் மகள் என்னை நம்பவில்லை, அவள் செய்தது சரி.

இந்தக் கடிதம் எழுதுவதற்கு முன் அடையாறு போய் சுமதியைப் பார்த்தேன். தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா?" என்றாள். லதா அழுததைச் சொன்னேன். உன் பெரியவள் புட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். பிறகு, "எழுது. ஆனா என்னப் பாவம்னு எழுதாத. அடி வாங்கினத வேணும்னாலும் விட்டுடு. கணக்குப் பரீட்சை அன்னிக்கு நடந்தத மட்டும் விடாம எழுது" என்றாள். அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அன்று காலை அவள் நான் எழுப்பாமலே எழுந்து குளித்து, தானே பின்னிக்கொண்டு, சீருடை போட்டுக்கொண்டாள். பேனாவில் மை நிரப்பி, பரீட்சை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "இந்த ரெண்டு பக்கம் முடிஞ்சதும் போ" என்றேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தாள், அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டு பக்கம் நான்காயிற்று. எங்கள் வாசலுக்குப் பள்ளிக்கூட மணி கேட்கும். முதல் மணி அடித்தது, திரும்பி என்னைப் பார்த்தாள், எனக்குத் தெரிந்தது, நான் தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது மணியும் அடித்து ஓய்ந்தது. அவள் எழுந்து உள்ளே வந்தாள். சீருடையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்துப் பெட்டியில் வைத்தாள். வீட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து உன்னைத் தூக்கிக்கொண்டாள். நீ அவள் ஜடையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாய்.

அம்மா